சேத்தியாத்தோப்புக்குப் போகும் வண்டி

பயந்தவளிடம் எதையும் விற்கலாம். என் வீட்டு அலமாரியில் நான்கு டார்ச் லைட் இருக்கின்றன. மாடிப்படி ஓரம் ஒரு தீயணைக்கும் சிலிண்டர் இருக்கிறது. (அதை எப்படித் திறப்பது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தீப்பிடித்தால் படித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.) ஆனால் என் பயம் ஒருநாள் என்னை ஆற்றங்கரை வரை இழுத்துக்கொண்டு போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் நடுவில் இன்னொருவர் மனைவியாக நிறுத்தும் என்று நான் நினைத்ததில்லை.

என் மகள் கயலுக்குச் சேத்தியாத்தோப்பில் ஒரு பேங்கில் வேலை. பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள், கார் வாங்கினால் தானே ஓட்டிக்கொண்டு போவேன் என்றாள். வீட்டுக்காரர் சரி என்றார். நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு நானும் சரி என்றேன், ஆனால் ஒரு விதி போட்டேன். வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கக் கூடாது, நானே கூப்பிட்டாலும்.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டவள் மறந்துவிட்டாள்.

ஷோரூமில் எங்களைக் கவனித்த பையன் பெயர் பிரவீன். அவ்வளவு மரியாதையாக அபசகுனம் பேசுகிற ஆளை நான் பார்த்ததில்லை. "பாப்பா தனியாத்தான் ஓட்டுவாங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பிளானாக எடுத்து வைத்தார். வாரண்டி முடிந்த மறுநாள் கியர்பாக்ஸ் போனால் ஒன்று, அடித்தகடு துருப்பிடித்தால் ஒன்று, பெயிண்ட் மங்கினால் ஒன்று, எலி வயரைக் கடித்தால் ஒன்று. கட்டம் பார்த்துவிட்டுத் தோஷம் சொல்கிற ஜோசியர் முகம் அவருக்கு. வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்று தலையாட்டினார், நான் வேண்டும் என்று ஆட்டினேன். பிரவீன் என் தலையை மட்டும் பார்த்தார்.

பக்கத்து சோபாவில் நல்லூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு. அவரும் அதே வெள்ளை நிறத்தில் அதே வண்டியைத்தான் எடுக்கிறார். வாழ்க்கையில் முதல் கார். அவரிடமும் இந்தத் தோஷங்கள் எல்லாம் சொல்லப்பட்டிருந்தன. "நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. இதுல எது வேணும், எது வேணாம்னு சொல்லுங்கம்மா" என்றார்.

நான் செராமிக் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறவள். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு நான்கு கதவு என்பதுதான். ஆனால் படித்தவள் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு தெரியாது என்று சொல்ல முடியுமா? வாரண்டியை நீட்டிக்கலாம், இப்போது வண்டி முழுக்க எலக்ட்ரானிக்ஸ் என்றேன். பெயிண்ட் பூச்சு வேண்டாம், நம் ஊர்ப் புழுதிக்கு எதுவும் நிற்காது என்றேன். போனிலேயே வண்டியைப் பார்க்கும் பிளானை மட்டும் விடவே கூடாது என்று அடித்துச் சொன்னேன். வண்டி எங்கே நிற்கிறது, கதவு திறந்திருக்கிறதா, பெல்ட் போட்டிருக்கிறார்களா, எல்லாம் போனில் வரும். போனிலிருந்தே ஹாரன் அடிக்கலாம், லைட் போடலாம்.

அவர் சிரித்தார். "நான் எங்க இருக்கேன்னு கேக்க எங்க வூட்ல ஆளு இருக்குது. வண்டிய யாருங்க கேக்கப் போறா?"

சொன்னாலும் என் பேச்சுக்காக எடுத்துக்கொண்டார். இரண்டு வண்டிகளையும் சிவப்புத் துணி போட்டு மூடிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிரவீன் இரண்டு சாவிகளோடு நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். எந்த எலுமிச்சம்பழம் யார் சக்கரத்துக்கு என்பதிலேயே கொஞ்சம் குழப்பம் வந்தது. அதைப் பார்த்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் என் போனில் அந்த பிளான் உயிர் பெறவில்லை. கேட்டால் "சிஸ்டத்துல இருக்குதும்மா" என்பார் பிரவீன். எந்த சிஸ்டம் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் முற்பகலில், கயல் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டி, நான் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது பிரவீன் கூப்பிட்டார். "உங்க வண்டி இப்ப போன்ல தெரியும், பாருங்கம்மா."

பார்த்தேன். சேத்தியாத்தோப்பில் பேங்க் வாசலில் நின்றிருக்க வேண்டிய வண்டி, நேர் எதிர்த் திசையில், நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. மிக மெதுவாக, நடந்து வருவதைப் போல. முன் சீட்டில் யாரோ இருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. என் பெண் பெல்ட் போடாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டாள். அப்படியானால் அவள் பக்கத்தில் இருப்பது யார்?

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. (விதி.) அந்தப் புள்ளி ஊருக்குள் நுழைந்தது, கடைத்தெருவைத் தாண்டியது, மணிமுத்தாற்றுப் பக்கம் திரும்பி, கரையில் நின்றது. எஞ்சின் அணைந்தது. எல்லாக் கதவுகளும் திறந்தன. எல்லாக் கதவுகளும் மூடின. அப்புறம் எதுவுமே இல்லை. திரையில் வெறும் மணல் நிறமும், அதில் என் பெண் இருக்கும் ஒரு நீலப் புள்ளியும்.

நடுப்பகல், கம்பெனி முழுக்க மிஷின் சத்தம். எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

ஹாரனை அமுக்கினேன். கேட்டால் கூப்பிடுவாள் என்று ஒரு நம்பிக்கை. "வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது" என்று போன் சொன்னது. அடுத்த நொடி நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. லைட்டை அமுக்கினேன். கதவுகள் படபடவென்று மூடின. மறுபடி ஹாரன். இந்த முறை ஒரு கதவு மட்டும் திறந்தது, ரொம்ப மெதுவாகத் திறந்தது போல எனக்குத் தோன்றியது. (கதவு எவ்வளவு மெதுவாகத் திறந்தது என்றெல்லாம் அந்த பிளானில் வராது. அது என் சொந்தக் கூடுதல் பிளான்.)

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனேன்.

ஆற்றங்கரையில் வெயில் வெள்ளையாக நின்றது. மரத்தடியில் எங்கள் வண்டி. செருப்பு மணலில் புதைய, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். முன் சீட்டில் ஒரு அரிசி மூட்டை. அதன் மேல் சாய்த்து வைத்த, மாலை போட்ட படம் ஒன்று. கண்ணாடி வழியாக வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார் நல்லூர்க்காரர்.

எனக்கு அப்போதும் புரியவில்லை, நம்பர் பிளேட்டைப் பார்க்கவும் தோன்றவில்லை. இவர் எப்படி என் பெண்ணின் வண்டியில் என்றுதான் நினைத்தேன். "ஐயோ, இவரா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிமிர்ந்து பார்த்தால், பிண்டம் வைத்த இலைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பமே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய கருமாதி.

அவர்கள் பக்கத்துக் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வண்டி எடுத்த சில வாரங்களில் மாரடைப்பில் போய்விட்டார். வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. அடக்கம் முடிந்த மறுநாள் காலை, அதுவரை உயிர் பெறாத பிளான் உயிர் பெற்று, அவருடைய போன் மணியடித்தது. மருமகள் படித்துச் சொன்னாள்: வண்டி கிளம்பிவிட்டதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் கொட்டகையிலேயே இருக்கிறது. சாயங்காலம் வண்டி வந்துவிட்டது என்றது. மறுநாளும் அப்படியே. எங்கே போகிறார் என்று மேப்பைப் பார்த்தார்கள். தினமும் சேத்தியாத்தோப்பு. காலையில் போய் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்துவிட்டு மாலையில் கிளம்பி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு.

போனவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில் சுற்றுகிறார் என்பதில் அவர் மனைவிக்கு முதலில் ஒரு ஆறுதல்தான். பங்காளி ஒருவர்தான் கேட்டிருக்கிறார், சேத்தியாத்தோப்பில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று. அன்றிலிருந்து அந்த அம்மா சாப்பிடவில்லை.

அன்று கரையில் காக்கை சோறு எடுக்கவில்லை. ஏதோ குறை இருக்கிறது, என்ன குறை என்று கேளுங்கள் என்று பெரியவர்கள் சொல்ல, அந்த அம்மா படத்தைப் பார்த்து, "சேத்தியாத்தோப்புல யாரு இருக்கா, சொல்லிட்டுப் போ" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் ஆளில்லாத வண்டி ஹாரன் அடித்திருக்கிறது. வந்திருந்த நாலு காக்கையும் பறந்துவிட்டன. கதவைத் திறந்து தேடினால் யாரும் இல்லை. லைட் எரிந்ததும் பயந்து மூடியிருக்கிறார்கள், மறுபடி ஹாரன். கடைசியில் அந்த அம்மா தைரியமாகத் தானே போய் ஒரு கதவை மெல்லத் திறந்து பார்த்திருக்கிறார். (மெதுவாகத்தான் திறந்திருக்கிறது.)

பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து தலைவிரிகோலமாக ஒரு நடுத்தர வயதுப் பெண் இறங்கி, வெறுங்காலோடு ஓடி வந்து, படத்தைப் பார்த்து அழுதாள்.

அந்த அம்மா என் முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "நீதானா?" என்றார்.

"என் பொண்ணு எங்கங்க? இந்த வண்டியிலதான் தெனமும் சேத்தியாத்தோப்பு போறா" என்றேன்.

பங்காளி, நான் அன்றைக்கே சொன்னேன் என்பது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு வேற இருக்குதா" என்று படத்தைத்தான் கேட்டார்.

என் போன் அடித்தது. கயல். நான் கூப்பிட்டதையெல்லாம் இப்போதுதான் பார்த்தாளாம், வண்டி பேங்க் வாசலில் நிற்கிறதாம், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது: இரண்டு சிவப்புத் துணி, இரண்டு சாவி, நடுவில் பிரவீன். எங்கள் இரண்டு வண்டியும் போனில் மாறிப்போயிருக்கின்றன.

நான் சொல்லச் சொல்ல யாரும் நம்பவில்லை. அழுகிற பெண் சொல்கிற கதையை யார் நம்புவார்கள்? என் போனை அந்த அம்மா கையில் கொடுத்து, இங்கே அமுக்குங்க அக்கா என்றேன். அமுக்கினார். வண்டி ஹாரன் அடித்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி அடித்தது. என்னைப் பார்த்தார்.

"அப்ப சேத்தியாத்தோப்புல யாரும் இல்லியா?"

"யாருமே இல்லக்கா. என் பொண்ணு வேலைக்குப் போறா, அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப அவரும் இல்லியா" என்றார். எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில், காக்கை எப்போது வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பியபோது இலை காலியாக இருந்தது.

மறுநாளே பிரவீனிடம் சொல்லி மாற்றியிருக்கலாம். அந்த அக்காதான் போன் செய்தார். "கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும். காலையில போன் அடிக்கலன்னா வூடு வெறிச்சுன்னு இருக்குது" என்றார். இருக்கட்டும் என்றேன். இப்போது கயல் கிளம்பத் தாமதமானால் நல்லூரிலிருந்து எனக்குப் போன் வருகிறது: பாப்பா இன்னும் கெளம்பலியே, ஒடம்பு சரியில்லையா? என் பெண்ணுக்காகப் பயப்பட ஊரில் இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார்.

புது வண்டி எடுப்பவர்கள் எந்த பிளான் போடலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். (படித்தவள்.) வாரண்டி போடுங்கள், எலி பிளான் வேண்டாம், வயரில் பூசுகிற மருந்தின் ருசி எங்கள் வீட்டு எலிக்குப் பிடித்துவிட்டது என்பேன். போனில் பார்க்கிற பிளானைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை அந்த அக்கா சாதாரணமாகக் கேட்டார். "நேத்து பாப்பா எதுக்கு ஆத்தங்கரைக்குப் போயிட்டு வந்துச்சு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. சாவி என் அலமாரியில், டார்ச் லைட்டுகளுக்கு நடுவில். பிரவீனைக் கேட்டேன், நெட்வொர்க் என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன், செய்தித்தாளை மடித்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

அன்றிலிருந்து தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் அவருக்கு அதே பேச்சுதான். "போ, உங்க நல்லூர்க்காரரு கூப்பிடறாரு." கயல் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு எழுந்து போய், சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.