ரிப்பன் வெட்டாத வார்டும் தேனெடுக்கும் கரடியும்

ஒரு காட்டில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. அதில் ஒரு கொக்கு டாக்டராக இருந்தது. படித்த கொக்கு, பண்புள்ள கொக்கு, மேடைப் பேச்சில் வல்ல கொக்கு. அந்தக் கொக்கு நான்தான். ஆகையால் மேலே சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

அதே காட்டில் தேனப்பன் என்றொரு கரடி. பாறையில் ஏறித் தேன் எடுப்பது அவர் தொழில். ஒருநாள் பிடி நழுவி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வலியில் அலறியவருக்கு அபினியில் செய்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது அடியேன்தான். எலும்பு கூடிவிட்டது. மாத்திரையைத்தான் அவரால் விட முடியவில்லை. "போதும், நிறுத்துங்கள்" என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் மலைக்குப் பின்னால் கடை போட்டிருந்த நரியிடம் வாங்கத் தொடங்கினார்.

சில மாதம் கழித்து மனைவி அழகம்மையோடு வந்தார். மூக்கு ஒழுகியது. உடம்பெல்லாம் வியர்வை. கொட்டாவி மேல் கொட்டாவி.

"டாக்டரய்யா, இதை விட்டுறணும்னு பாக்குறேன். விட்டா உடம்பு முறுக்கிப் போடுது. பாறையில கை நிக்க மாட்டேங்குது. ஏதாவது பண்ணுங்க" என்றார்.

பண்ணலாம்தான். எங்கள் நிலையத்தின் பின்பக்கம் போதை மீட்பு வார்டு புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். கட்டில் இருந்தது. அலமாரியில் நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்து இருந்தது. அதை ஒழுங்காகக் கொடுத்தால் நடுக்கம் அடங்கும், நரியிடம் போக வேண்டியிருக்காது. எல்லாம் இருந்தது. திறப்பு விழாதான் நடக்கவில்லை. வாசலில் சிவப்பு ரிப்பன். சுவரில் சிங்கராஜாவின் பெயர் பொறித்த கல்வெட்டு, அதன் மேல் மஞ்சள் துணி.

ராஜா ஒருமுறை தேதி கொடுத்தார், அன்று அஷ்டமி. மறுமுறை கொடுத்தார், அதற்குள் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது. ஒரே வேட்பாளர் அவர்தான் என்றாலும் விதி விதிதானே?

"பூட்டைத் திறந்து அந்த மருந்தை எடுத்துக் குடுத்தா என்ன?" என்று அழகம்மை கேட்டாள்.

"ராஜா கையால் திறக்க வேண்டிய வார்டு, அம்மா. முறை என்று ஒன்று இருக்கிறது."

ஆனால் தேனப்பனை நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வைத்தேன். வலது கையை நீட்டி நிற்கச் சொன்னேன். கை ஆடியது. உறுதிமொழியில் உறுதி போதவில்லை என்று மறுபடி சொல்ல வைத்தேன். அடுத்து விழிப்புணர்வுப் பேரணி. போதைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத முயல்கள் வரிசையாகப் பதாகை பிடித்து நடந்தன. முடிவில் நான் சிறப்புரை ஆற்றினேன். நல்ல கைதட்டல். தேனப்பன் மட்டும் பாதியில் எழுந்து புதர்ப்பக்கம் ஓடினார். வயிற்றுப்போக்கு என்று பிறகு தெரிந்தது. அப்போது அவமரியாதை என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மதியம் அழகம்மை அவரை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தாள். நரி கொடுத்ததில் என்ன கலந்திருந்ததோ, தேனப்பனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

"ஊசி போடுங்க டாக்டரய்யா!"

மூச்சைத் திருப்புகிற ஊசி வார்டுக்குள் இருந்தது. நான் ரிப்பனைப் பார்த்தேன். "ராஜாவின் உதவியாளருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அழகம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்க ராஜா வரட்டும், கத்திரிக்கோல் எடுத்துட்டே வரட்டும். எம்புருசன் போயிட்டா யாருக்கு ரிப்பன் வெட்டுவீங்க?" என்றாள். ஒரே இழுப்பில் ரிப்பன் அறுந்தது. இன்னொரு இழுப்பில் கதவு கையோடு வந்தது.

அதற்கு மேல் நான் டாக்டராக நடந்துகொண்டேன். நடந்துகொள்ளாவிட்டால் அடுத்த இழுப்பு எனக்குத்தான் என்று தோன்றியது. ஊசி போட்டேன். கொஞ்ச நேரத்தில் தேனப்பன் இருமினார், கண் திறந்தார், மனைவியைத் தேடினார். எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சுலபமான காரியமா என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகு நாக்கடி மருந்தைத் தினமும் கொடுத்தோம். அழகம்மை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் உறுதிமொழி எதுவும் வாங்கவில்லை, கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மழை தொடங்குமுன் தேனப்பன் மறுபடி பாறை ஏறிவிட்டார்.

எல்லாம் சுபம் என்று நினைத்தபோது ராஜாவின் உதவியாளர் வந்தார். தேதி உறுதியாம். மேடையில் புது வார்டில் குணமான ஒருவர் பேச வேண்டுமாம்.

"தேனப்பன் இருக்கிறாரே" என்றேன்.

"அவர் திறக்காத வார்டில் குணமானவர். கணக்கில் வராது. திறந்த பிறகு குணமாகச் சொல்லுங்கள்."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நேரே பாறைக்குப் போனேன். உச்சியில் தொங்கிக்கொண்டிருந்த தேனப்பனிடம் கீழே நின்று விளக்கினேன்.

"அதாவது நான் திரும்பவும் மாத்திரை போட்டுட்டு, திரும்பவும் சாகக் கிடந்து, ரிப்பன் வழியா உள்ள வரணும். அப்படித்தானே?" என்றார்.

"சாகக் கிடக்க வேண்டாம். லேசாக நடுங்கினாலே போதும். இந்த விழா இல்லாவிட்டால் என்னால் இருக்க முடியாது, தேனப்பன்!"

பக்கத்தில் நின்ற அழகம்மை கையை ஓங்கினாள். தேனப்பன் அவளைத் தடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். எனக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. இறகுகள் தானாக ஆடின.

"டாக்டரய்யா, கடைசியா எப்ப மேடை ஏறுனீங்க?"

"பேரணியன்று."

"அதுக்கப்புறம் எப்படி இருக்கு?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வலது இறக்கையை நீட்டி நிற்கச் சொல்லவில்லை. "ஆரம்பத்துலதான் கஷ்டம். நாங்க கூட இருக்கோம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப்போய் வார்டில் படுக்க வைத்தார். அழகம்மை முணுமுணுத்துக்கொண்டே கஞ்சி கொடுத்தாள். நான் தேறி வந்தேன். ஒரு நாள் முழுக்கச் சொற்பொழிவு நினைப்பே வராமல் ஓடியது.

அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார். புது ரிப்பன் கட்டி வெட்டினார்கள். உள்ளே கட்டிலில் ஒரு நோயாளி கிடப்பதைக் கண்டு ராஜாவுக்குப் பரம சந்தோஷம். "குணமாகி வருகிறீர்களா? ரெண்டு வார்த்தை பேசுங்கள்" என்று மைக்கை என் அலகுக்கு அருகில் பிடித்தார்.

"வேணாங்க, வேணாங்க!" என்று தேனப்பன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நான் அதற்குள் "பெரியோர்களே" என்று தொடங்கிவிட்டேன்.

வாசலில் இரண்டு குரங்குகள் நடுங்கியபடி மருந்துக்குக் காத்திருந்தனவாம். விழா முடியும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்று காவலர்கள் தடுத்துவிட்டார்களாம். அழகம்மைதான் பின்சுவரில் ஒரு ஓட்டை போட்டு அவற்றை உள்ளே இழுத்தாளாம். எனக்குத் தெரியாது. நான் நன்றியுரைக்குக்கூட இன்னும் வரவில்லை.

நீதி: போதைக்கு அடிமையானவரைத் திட்டாதீர்கள், அன்போடு மருந்து கொடுங்கள். அவர் டாக்டராக இருந்தால் முதலில் மைக்கை அணைத்துவிடுங்கள்.