சோமசேகரத்தின் கூரை

சோமசேகரம் கூரைமேல் இருந்தார். கீழே மனைவி கமலாதேவி மழையில் நனைந்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இறங்குங்கோவன். றேடியோவில திரும்பவும் சொல்லிப்போட்டாங்கள். புயல் பின்னேரம் எங்கட பக்கத்தாலதான் கரையேறுமாம்."

"ஏறட்டும். இந்தக் கல்லையும் பாரத்துக்கு வச்சுப்போட்டு வாறன்."

வங்காள விரிகுடாவில் தோன்றிய தாழமுக்கம் புயலாக மாறிவிட்டதென்றும், அது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையைக் கடக்கலாமென்றும் வானொலி முதல்நாளே சொல்லத் தொடங்கிவிட்டது. கடலுக்குப் போகவேண்டாம், கரையோரத்துச் சனங்கள் மேட்டுப் பக்கம் போய்விடுங்கள் என்றது. மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டிருந்தார்கள். சோமசேகரம் துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர். கந்தோரை மத்தியானத்தோடு மூடிவிட்டதால் அப்போதுதான் வீடு வந்தவர், சாப்பிடாமலே கூரையில் ஏறிவிட்டார்.

அது சாதாரணக் கூரை அல்ல. போன வருஷம் லீவு போட்டு, தன் கையாலேயே ஆணி அடித்துப் போட்டது. தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடுகளே நிறைந்த அந்த ஒழுங்கையில் அஸ்பெஸ்டஸ் சீற் ஏறிய முதல் வீடு. யார் வந்தாலும் முற்றத்தில் நிறுத்திக் கூரையைக் காட்டிய பிறகுதான் உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுப்பார். "கப்பல் வந்து மோதினாலும் அசையாது" என்பார். கப்பல் எப்படிக் கூரையில் வந்து மோதும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கடைசிக் கல்லை வைத்தபோது படக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னது அது?"

"ஒண்டுமில்லை. சீற் தன்ர இடத்தில அமருது."

இறங்கி உள்ளே போனபோது ஹோலின் நடுவே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கமலாதேவி ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போவமே?"

"இந்த வீட்டை விட்டிட்டோ? நான் வரமாட்டன். நீர் வேணுமெண்டால் போம்."

"உங்களை விட்டிட்டு நான் எங்க போறது" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

காற்று பலத்தது. கூரை விளிம்பு இலேசாகக் கிளம்பிக் கிளம்பி அமர்ந்தது. சோமசேகரம் தோணி கட்டும் கயிறு ஒன்றைத் தேடியெடுத்துக் கூரைக்கு மேலால் எறிந்தார். ஒரு நுனியை விறாந்தைத் தூணிலும் மறு நுனியை முற்றத்து முருங்கையிலும் இறுக்கிக் கட்டினார். காற்றுக்கு முருங்கை ஆடியது. அது ஆடிய ஆட்டத்துக்கெல்லாம் கயிறு கூரையைப் பிடித்து உலுப்பியது. கட்டுவதற்கு முன்பு கிளம்பிய விளிம்பு ஒன்று. கட்டிய பிறகு இரண்டு.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வளவு நஜ்முன் நிஸா இரண்டு பிள்ளைகளோடும் ஓர் ஆட்டோடும் நின்றாள். பின்னால் அவள் கணவர் அபூதாஹிர், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு.

"சோமண்ணன், எங்கட கிடுகுக் கூரை இந்தக் காத்துக்கு நிக்காது. உங்கட வீட்டை விட்டால் இந்த ஒழுங்கையில வேற எது திடமான வீடு?"

சோமசேகரத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "வாங்கோ தங்கச்சி, உள்ளுக்கு வாங்கோ. ஆடும் வருதோ?"

"அதுக்கு இடியெண்டால் பயம், அண்ணன்."

ஆடு நேரே போய் வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாளியையும் தட்டி விழுத்தியது.

ஹோலைத் துடைத்து முடிப்பதற்குள் முன்வீட்டுக் கனகரத்தினம் மனைவி பிள்ளைகளோடும் ஒரு கூடைக் கோழிகளோடும் வந்து சேர்ந்தார். "உங்கட கூரைக்குக் கீழ இருந்தால் பயமில்லை எண்டுதான் வந்தனாங்கள்" என்றார். ஹோல் நிறைந்துவிட்டது.

சோமசேகரம் குசினிக்குள் போய் மனைவியிடம் இரகசியமாகச் சொன்னார்: "பாத்தீரே? எல்லாரும் என்ர கூரையை நம்பித்தான் வருகினம்."

"ஓம்" என்றாள் கமலாதேவி, தேத்தண்ணிக்கு அடுப்பை ஊதியபடி.

அதே நேரம் முருங்கை முறிந்தது. விழுந்த மரம் கயிற்றைச் சுண்டி இழுக்க, மேலே ஆணி கழலும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சோமசேகரம் மழைக்குள் ஓடிக் கயிற்றை அவிழ்த்து, யன்னலுக்குள்ளால் இழுத்து, அலுமாரியின் காலில் கட்டினார். சீதனமாக வந்த தேக்கு அலுமாரி. நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க ஏலாது.

"இனி ஒண்டும் செய்யாது" என்றார்.

அடுத்த காற்றுக்கு அலுமாரி ஓர் அடி நடந்தது.

"அண்ணன், அலுமாரி வெளிக்கிடுது" என்றாள் நஜ்முன் நிஸா.

ஆண்கள் மூவரும் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். கோழிகள் கூடையை உடைத்துக்கொண்டு அலுமாரி மேல் ஏறின. "பிடியுங்கோ, விடாதேங்கோ" என்று சோமசேகரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அண்ணாந்து பார்த்தார். ஒரு சீற் இருந்த இடத்தில் வானம் இருந்தது. மழை நேரே உள்ளே கொட்டியது.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. நஜ்முன் நிஸாவின் சின்ன மகள் கதிரைக்குக் கீழே புகுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். சோமசேகரம் அவளைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அலுமாரியிலிருந்து கையை எடுத்தார்.

"எல்லாரும் எழும்புங்கோ. பள்ளிக்கூடத்துக்குப் போவம்."

"அப்ப வீடு?" என்றார் கனகரத்தினம்.

"வீடு கிடக்கட்டும். என்னை நம்பி வந்த பிள்ளையள். ஒருத்தரையும் தவற விடாமல் கூட்டிக்கொண்டு போறது என்ர பொறுப்பு. கையைக் கோத்துப் பிடியுங்கோ."

அந்தச் சின்னப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி அவர் முன்னால் நடந்தார். ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. தென்னோலைகள் பறந்து வந்து விழுந்தன. விழுந்திருந்த மரமொன்றில் அவர் முதலில் ஏறி நின்று, ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தாண்டவைத்தார். பின்னால் தன் வீட்டுப் பக்கம் இன்னொரு சீற் நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்ததும் ஆள் எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. மனம் நிறைந்திருந்தது. அந்தக் கூரையின் கடைசி ஆணியை அடித்த நாளில்கூட இப்படி ஒரு பெருமை அவருக்கு வந்ததில்லை.

அங்கே சனங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த புஷ்பவதி ரீச்சரிடம் நேரே போனார்.

"ரீச்சர், இவை எல்லாம் என்ர ஆக்கள். புயலுக்குள்ளால கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன். இவைக்கு ஒரு மூலையில இடம் பிடிச்சுத் தரவேணும்."

ரீச்சர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரையும் அவருக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தார்.

"இவைக்கு இடமோ? இவை விடியவே வந்து உங்களுக்கும் சேர்த்துப் பாய் விரிச்சுப்போட்டு, 'பிள்ளையளைக் கண்டால்தான் சோமண்ணன் வீட்டை விட்டு வெளிக்கிடுவார்' எண்டு சொல்லி, உங்களைக் கூட்டிவரத்தானே திரும்பிப் போனவை."