மாமனார் பாட்டு

தீவில் குடியேறப் போகிறவன் நாலு பேரிடம் நாலு கேள்வி கேட்டுக்கொண்டு போக வேண்டும். நானும் கேட்டேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

என் மனைவி செல்வியின் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவு. மாமனார் காலமான பிறகு மாமியார் அங்கே மூட்டுவலியோடு தனியாக இருந்தார். மைத்துனனோ மீன்பிடியை விட்டுவிட்டுக் காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். "அம்மாவோட போய் இருக்கலாமா?" என்று செல்வி தயங்கித் தயங்கிக் கேட்டாள். எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கும் வேலை. (நான் எங்கே இருக்கிறேன் என்று மேலதிகாரி கவலைப்பட்டதில்லை. வேலை செய்கிறேனா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.) உடனே சரி என்றேன்.

தீவு வாழ்க்கை பற்றிய வீடியோ ஒன்று விடாமல் பார்த்தேன். குடிதண்ணீர், கொசு, பாம்பு, சிக்னல், புயல் என்று எல்லாவற்றுக்கும் வழி சொன்னார்கள். சோலார் விளக்கு, ஃபில்டர், கொசுவலை சகிதம் நான் ஏறியதைப் பார்த்த படகுக்காரர், "இன்னா சார், கடை போடப் போறீங்களா?" என்றார்.

மாமனாரின் மனையில் வீடு கட்ட ஊர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் செல்வி மறுபடியும் அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் படகேற வேண்டியதுதான். சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. மாமனாரின் தம்பி ஏழுமலை மாமா ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். செல்வி எல்லோருக்கும் டீ போட வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஊர்த் தலைவர் ஆரம்பித்தார்.

"மாப்ள, நேராவே கேக்குறேன். உங்க மாமனார் பாட்டுக்கு நீங்க வரப்போறீங்களா?"

மாமனார் பாடுவார் என்று செல்வி சொன்னதே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆசைங்க. சென்னையில வாய்ப்புதான் கிடைக்கல" என்றேன்.

"சென்னையில எப்டிபா கிடைக்கும்?" என்றார் ஒருவர் பின்னாலிருந்து.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இத்தினி நாளா உங்க ஏழுமலை மாமாதான் அதைப் பாத்துக்குனு கீறாரு. அவரு இன்னா பண்ணுவாரு?"

"அவரும் வரட்டுமே" என்று தாராள மனதோடு சொன்னேன். "ஆனா எனக்கு தினமும் வேணும். ஒருநாள் விட்டாலும் கெட்டுப்போயிடும்."

"தெனமுமா!"

அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். "இப்பவே ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டேன். கண்ணை மூடி, அம்மன் பாட்டு ஒன்றை எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயியில் பிடித்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தால் ஊரே எழுந்து கைகூப்பி நிற்கிறது! (கோயில் வாசலில் அம்மன் பேரைச் சொல்கிறவனை யார் தடுப்பார்கள்?) அந்த உற்சாகத்தில் இரண்டாவது சரணத்துக்கும் போய்விட்டேன்.

என் குரல் கேட்டு செல்வி டீ கரண்டியோடு ஓடிவந்தாள். "இன்னா பண்றீங்க?"

"அவங்கதான் பாட்டுக்கு வர்றியான்னு கேட்டாங்க."

செல்வி தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் வலை போட, குடும்பத்துக்குக் குடும்பம் முறை உண்டு. அந்த முறைக்குப் பெயர் பாடு. மாமனாருக்குப் பிறகு அவருடைய பாட்டை வைத்துத்தான் ஏழுமலை மாமா வீட்டில் உலை கொதிக்கிறது. அதைத்தான் நான் எனக்குத் தினமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

விஷயம் புரிந்ததும் ஊர் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வீட்டக் கட்டிக்க மாப்ள. ஆனா பாட்டு வேணாம்னு உன் வாயால சொல்லிடு" என்றார்.

"வேணாங்க."

"எந்தப் பாட்டும்?"

"எந்தப் பாட்டும் வேணாங்க."

ஏழுமலை மாமாவை மட்டும் காணவில்லை. தேடிப் போனால், கரையில் தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பாடுறப்போ, புள்ளைங்கள இட்டுனு எங்க போறதுன்னு யோசிச்சிக்குனு இருந்தேன் மாப்ள" என்றார்.

எனக்கு வெட்கத்தைவிட வேதனைதான் அதிகமாக இருந்தது. போகிற இடத்தில் நமக்கு என்ன கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். நாம் போய் இறங்கினால் அங்கே யார் பிழைப்பு பறிபோகும் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

வீடு கட்டினோம். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஊரில் எனக்குப் பெயர் 'பாட்டு மாப்ள'. தன் முறை வரும் நாளில் ஏழுமலை மாமா வலையோடு எங்கள் வாசலில் நின்று, "மாப்ள, பாட்டுக்கு நீ போறியா, நான் போவட்டா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். அக்கம்பக்கம் சிரிக்கும். செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் "நீங்களே போங்க மாமா" என்று நான் வாய் திறந்து சொல்லும் வரை அவர் அங்கிருந்து நகர்வதே இல்லை.