"அவங்களுது" என்று எழுதிய டப்பா

கொடுக்கத் தெரிந்த அரசாங்கங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு, "ஏன் வாங்கினாய்?" என்றும் கேட்கிற பெருந்தன்மை எங்கள் ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்கு மட்டும்தான் உண்டு. அந்தப் பெருந்தன்மையை நேரில் அனுபவிக்கும் பாக்கியம் கூலபரா ஊரில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மெர்வினுக்குக் கிடைத்தது.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரசாங்கம் பணம் போடும். மெர்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. பிந்திப் பிறந்த பெண் டெஸ்ஸுக்குப் பதினொன்று. பணம் போடுமுன் குடும்ப உதவி அலுவலகம் ஒரே ஒரு சின்னக் கேள்வி கேட்கும்: வருகிற வருஷம் எவ்வளவு சம்பாதிப்பீர்கள்?

மெர்வினின் சம்பாத்தியம் மழை கையில் இருந்தது. ஆடு நனைந்திருந்தால் கத்தரிக்கமாட்டார்கள். நனைந்ததா இல்லையா என்று கொட்டகையில் சீட்டெழுதி ஓட்டெடுப்பார்கள். "நனைந்தது" ஜெயித்தால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அடுத்த வருஷத்து மழையையும் அடுத்த வருஷத்து ஓட்டையும் ஒரு மனிதன் எப்படிச் சொல்வது? மெர்வின் வாயில் வந்த தொகையை எழுதிக் கொடுத்தார். அலுவலகம் அதை "மதிப்பீடு" என்று அழைத்துக் கௌரவித்தது.

மழை வரவில்லை. ஆடுகள் காய்ந்து கிடந்தன. ஒருநாள்கூட விடாமல் வேலை. அரசாங்கத்தை நம்பாத மெர்வின், அரசாங்கம் தன்னை ஏமாற்றுக்காரன் என்றுவிடக் கூடாதே என்று கொட்டகையிலிருந்தே போன் போட்டார். ஐம்பது நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒரு குரல் வந்தது. தன் வருமானம் கூடிவிட்டது, உதவியைக் குறையுங்கள் என்று புதுத் தொகையைச் சொன்னார் மெர்வின். அப்படியே போனைப் பக்கத்திலிருந்த, அதே உதவி வாங்கும் கூட்டாளி கிளாரியிடம் நீட்டினார். அவனும் அதையே சொன்னான்.

"ரொம்ப நன்றி, பதிஞ்சுட்டோம்," என்றது குரல்.

பதியத்தான் பதிந்தார்கள். இருவர் சொன்ன வருமானத்திலும் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டதில், காகிதத்தில் இருவரும் பரம ஏழையானார்கள். அடுத்த தவணையில் இரண்டு வீட்டுக்கும் உதவி ஏறிவிட்டது.

"டேய் மெர்வ், கவர்மென்ட் திருந்திருச்சுடா!" என்றான் கிளாரி. உடனே ஒரு படகு வாங்கினான். எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு வருஷமாகிறது.

மெர்வின் கூடுதலாக வந்ததைத் தவணைதோறும் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். மூடிமேல் "அவங்களுது" என்று எழுதிவைத்தார்.

"புள்ளைக்குப் பல்லு தூக்கிட்டு நிக்குது. கம்பி போடக் காசில்லைங்கறே. டப்பாவுக்குள்ள காசு தூங்குது," என்றாள் மனைவி நோரீன்.

"அது நம்ம காசில்லடி. ஒருநாள் கேப்பான் பாரு."

கேட்டான். இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது டாலர், இருபத்தெட்டு நாளுக்குள். கிளாரிக்கும் அதே கடிதம்தான் வந்தது. ஆனால் அவன் போய் முறையிட்டதில் கடன் முழுவதும் தள்ளுபடி. அலுவலகத்தின் பிழை, அவன் "நல்லெண்ணத்தோடு" பெற்றுச் செலவழித்துவிட்டான் என்று சான்றிதழே கொடுத்தார்கள்.

"படகு வாங்கினவனுக்கே தள்ளுபடின்னா பத்திரமா வச்சிருந்தவனுக்கு மாலையே போடுவான்," என்றார் மெர்வின். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோரீனோடு அலுவலகம் போனார்.

லியோனி என்ற அதிகாரி சிரித்த முகமாகத்தான் இருந்தாள். மெர்வின் டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"ஒரு காசு தொடலம்மா. எண்ணிக்கோ. தப்பு உங்களுதுன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடு."

"நாங்க ரொக்கம் வாங்கறதில்ல மெர்வின். முதல்ல அந்த டப்பாவ எடுங்க. மூடியில என்ன எழுதியிருக்கு?"

"அவங்களுதுன்னு."

லியோனியின் முகம் வாடியது. "ஐயோ, ஏங்க இப்படிப் பண்ணீங்க? ஒதுக்கி வச்சீங்கன்னா, தப்பா வந்த பணம்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே வாங்கினா நல்லெண்ணம் இல்ல. தள்ளுபடி கிடையாது. மேல பத்து சதவீதம் அபராதம்."

"கிளாரி?"

"அவருக்குத் தெரியாது. படகு வாங்கினாரே, அதான் சாட்சி."

"தெரியாமயா? நானும் அவனும் ஒரே போன்ல பேசினோம்!"

"நாங்க மனச எல்லாம் பாக்க முடியாதுங்க. ரசீதத்தான் பாப்போம்."

மெர்வின் டப்பாவைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் ஏமாற்றுக்காரர் பட்டியலில் ஏறப்போகிறார், கையில் டப்பாவோடு.

லியோனி பேனாவை மூடினாள். "கேள்வி பதினாலு: பணம் இன்னும் கையில இருக்கா? இத நான் இன்னும் கேக்கல. டீ குடிச்சுட்டு வந்து கேக்கறேன். பத்து நிமிஷம் ஆகும்."

அவள் எழுந்து போனாள். நோரீன் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பல் டாக்டரின் பலகை தெரிந்தது.

"எந்திரி," என்றாள்.

"ஏய், அது நம்ம காசில்ல..."

"உனக்கு நல்லெண்ணம் வேணுமா வேணாமா?"

ஒன்பதாவது நிமிஷம் இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மேஜைமேல் பல் டாக்டர் கொடுத்த ரசீது இருந்தது. மூடி நோரீனின் பைக்குள் கவிழ்ந்து கிடந்தது. டீ வாசனையோடு லியோனி வந்தாள்.

"பணம் கையில இருக்குங்களா?"

மெர்வின் தொண்டையைச் செருமினார். "இல்ல."

"எதுக்குச் செலவாச்சு?"

"புள்ள பல்லுக்கு."

"அரசாங்கம் குடுத்ததே அதுக்குத்தானே!" லியோனி மகிழ்ச்சியோடு முத்திரை குத்தினாள். கடன் தள்ளுபடி, அபராதம் இல்லை. மேலதிகாரியும் உள்ளேயிருந்து வந்து, இவரைப் போன்ற நல்லெண்ணம் உள்ள குடிமக்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று மெர்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாசலுக்கு வந்ததும் மெர்வின் குலுக்கிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பதினோரு மாசம் அவங்க காசத் தொடாம வச்சிருந்தேன், திருடன்னான். பத்து நிமிஷத்துல எடுத்துச் செலவழிச்சேன், கை குலுக்கறான். நோரீன், அந்த மூடியக் குடு. இந்த நல்லெண்ணம் அவங்களுது, நம்மளுது இல்ல. டப்பா மேல இருக்க வேண்டியது இல்ல அது. இந்த ஆபீஸ் வாசல்ல மாட்டணும்."