கொய்யென்று ஒரு சத்தம்

“இந்த வீட்டுல எதுவோ கொய்யினு கத்திக்கினு இருக்குதே, உங்களுக்குக் கேக்கலயா?”

பாதி பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு லோகாம்பாள் கேட்டாள். வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிற குடும்பம். மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்தாள்.

பெண்ணின் அப்பா உமாபதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் தறிக்குழியில் உட்கார்ந்த காதில் ஊசிச் சத்தம் எங்கே விழும். பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் கேட்கவில்லை என்று அவர் வாயால் சொல்ல முடியாது.

ஆறு மாசத்துக்கு முன் கூரத்திலிருந்து ஓர் இடம் வந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உமாபதி வீட்டில் எல்லாருக்கும் தொண்டை பெரிது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது குடும்பத்தோடு காது மந்தம், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போனவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இல்லை. அப்புறம் ஒருத்தரும் இந்த வாசலை மிதிக்கவில்லை. மகள் ரேணுகாம்பாளுக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது. இந்த இடமும் போனால் இனிமேல் இடமே இல்லை.

அதனால்தான் இன்றைக்குத் தறி நிறுத்தம். எல்லாரும் மெதுவாகப் பேசவேண்டும் என்று உமாபதி சொல்லிவைத்திருந்தார். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று அவர் மனைவி தில்லையம்மாள் இரண்டு தடவை மெதுவாகக் கேட்டாள். லோகாம்பாள் பதில் சொல்லாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மில்லுக்காரர்களுக்குத் திமிர் இருக்கத்தான் செய்யும் என்று உமாபதி நினைத்துக்கொண்டார்.

“கேக்குதும்மா,” என்றார் இப்போது. “ரெண்டு நாளா இருக்குது.”

தில்லையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். லோகாம்பாள் முகம் மலர்ந்துபோனது.

“உங்களுக்கும் கேக்குதா? எதுல இருந்து வருது?”

உமாபதி நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் பட்டது டியூப் லைட். அது வீட்டுக்கு வீடு வராத காலம். அந்த வெளிச்சத்தில் பெண் சிவப்பாகத் தெரிவாள் என்று தில்லையம்மாள் பிடிவாதம் பிடித்து மாட்டவைத்தது. உமாபதிக்குக் கரண்டின் மேலேயே நம்பிக்கை கிடையாது. கண்ணுக்குத் தெரியாமல் கம்பிக்குள் ஓடுகிறதை எந்த மனுஷன் நம்புவான். அவர் தயங்காமல் பழியை அதன் மேல் போட்டார்.

அதைச் சரி பண்ணிவையுங்கள், வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மன் கோயிலுக்கு வருகிறேன், வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லி லோகாம்பாள் எழுந்தாள். பையன் போகும்போது ரேணுகாம்பாளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். வாசலில் அவர்களைக் கூட்டிவந்த ஜட்கா வண்டிக்காரர் தேவசகாயம் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வீரபத்திரன் வந்தான். முக்காலி மேல் ஏறி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றான்.

“கேக்குதாடா?”

“லேசா கேக்குது மாமா.”

வேலை தேடி வந்தவனுக்கு எந்தச் சத்தம்தான் கேட்காது. சோக்குப் பெட்டியில் குற்றம் என்று சொல்லி அதைக் கழற்றி வேறொன்றை மாட்டினான். அது ஏற்கெனவே எங்கேயோ எரிந்து ஓய்ந்தது. அன்றையிலிருந்து விளக்கு நின்று எரியாமல் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ரேணுகாம்பாள் சிவப்பாகவும் தெரியவில்லை, கறுப்பாகவும் தெரியவில்லை. இருக்கிறாளா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தது.

“சத்தம் போச்சாம்மா?” என்று உமாபதி மகளைக் கேட்டார்.

“எந்தச் சத்தம்பா? மொதல்லயே எனக்கு ஒண்ணும் கேக்கலயே.”

உமாபதி கணக்குப் போட்டுப் பார்த்தார். தனக்குக் கேட்காதது நியாயம். லோகாம்பாளுக்குக் கேட்கிறது, வீரபத்திரனுக்குக் கேட்கிறது, இருபத்துநாலு வயசுப் பெண்ணுக்குக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம். கூரத்துக்காரன் சொன்னது நிஜம்தானா.

மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் கவட்டைக் கம்பி ஒன்றைத் தட்டி அவள் காதருகே வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். பெண்ணுக்குப் பாம்புச் செவி, உனக்குத்தான் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, இப்படி உட்கார் என்றார். உமாபதி உட்காரவில்லை. கம்பியைத் தட்டிக் காதுக்கு ஜோசியம் சொல்கிறவரை அவர் நம்புவதாகவும் இல்லை. வேகமாக வெளியே வந்தபோது வாசலில் எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் நின்றிருந்தாள்.

“இன்னா உமாபதி, பொண்ணுக்குக் காதா?”

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

வெள்ளிக்கிழமை லோகாம்பாள் வந்தாள். தேவசகாயம் வண்டிக்குப் புது அச்சு போட்டிருந்தார். அதை லோகாம்பாளே பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிமிட்டுகிற விளக்கின் கீழே உட்கார்ந்தாள்.

“இன்னும் இருக்குதே. இன்னும் ஒசத்தியா கேக்குது.”

“ஆமாம்மா. இது ரேடியோவா இருக்கும்.”

ரேடியோ பாடவே இல்லை. இருந்தாலும் அதன் வயரைப் பிடுங்கினார். சத்தம் இருக்கிறது என்றாள். ரேடியோவையே தூக்கிக்கொண்டு போய் அடுப்பங்கரையில் வைத்தார். இருக்கிறது என்றாள். மீட்டர் பெட்டியில் பியூஸைப் பிடுங்கினார். விளக்கு அணைந்து கூடத்தில் அரை இருட்டானது. அந்த இருட்டில் லோகாம்பாள் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள்.

“இப்பவும் இருக்குதே.”

“கம்பியில மிச்சம் தங்கியிருக்கும்மா. நான் அடியோட எடுத்துடறேன்.”

தெருவே கரண்டு கேட்டு மனுப் போட்டுக் காத்துக்கொண்டிருந்த வருஷம் அது. உமாபதி கரண்டை எடுத்துவிடச் சொல்லி மனுப் போட்டார். ஆபீஸில் அதை இரண்டு தடவை படித்தார்கள். ஆளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஆள் வந்து கம்பத்திலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுப் போனான். அவன் ஏணியை எடுத்துப் போனதும் தில்லையம்மாள் பேச்சை நிறுத்திவிட்டாள். அது உமாபதிக்குத் தெரிய ஒரு நாள் ஆனது.

“அவங்க சத்தம் இல்லன்னு ஒத்துக்கினா போதும்,” என்று அவர் மகளிடம் சொன்னார். “உன்னக் கேட்டா தலய ஆட்டு. வேற ஒண்ணும் பேசாத.”

“ஆமான்னு ஆட்டறதா, இல்லன்னு ஆட்டறதாப்பா?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு லோகாம்பாள் வந்தாள். கூடத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. உத்தரத்தில் டியூப் லைட் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள். லோகாம்பாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பாயில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். பக்கத்தில் அவள் மகன் தலையைக் குனிந்துகொண்டு பாய்க்கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கண்ணைத் திறந்து உமாபதியைக் கேட்டாள்.

“சொல்லுங்க. இப்ப உங்களுக்குக் கேக்குதா?”

உமாபதி இரண்டு பக்கமும் யோசித்தார். போய்விட்டது என்று சொல்லி, அவளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தால் தான் செவிடன். இருக்கிறது என்று சொல்லி, அவளுக்கு நின்றுபோயிருந்தால் தான் பொய்யன். செவிடு பெண்ணுக்கு வரும் என்பார்கள், பொய்யைப் பரம்பரை வியாதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் கணக்கு அவ்வளவுதான்.

“கேக்குதும்மா,” என்றார். “கொறையவே இல்ல.”

லோகாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரேணுகாம்பாள் பக்கம் திரும்பி, உனக்கும்மா என்று கேட்டாள். ரேணுகாம்பாள் பையனைப் பார்த்தாள். தலையை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டினாள்.

“தட்டு எடுத்து வாங்க,” என்றாள் லோகாம்பாள். “இந்த வீட்டுலதான் சம்பந்தம். வேற எடம் பாக்கறதா இல்ல.”

தில்லையம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தட்டு மாற்றினார்கள். தை மாசத்தில் முகூர்த்தம் என்று பேச்சு முடிந்தது. பாய்க்கோரை பிய்ப்பது நின்றது.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற வாழைத்தாரை வண்டியில் வைக்க உமாபதியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. எதில் ஜெயித்தோம் என்றுதான் தெரியவில்லை. தேவசகாயம் தாரை வாங்கி வண்டிக்குள் வைத்தார். கம்பியில்லாத கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். உள்ளே இருட்டுக் கூடத்தை எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குதுன்னு சொல்லிட்டீங்களாங்க?” என்று நிதானமாகக் கேட்டார்.

“சொன்னேன். ஏன்?”

தேவசகாயம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

“மில்லு எரைச்சல்ல பத்து வருஷமா அது அந்தம்மா காதுக்குள்ளதாங்க இருக்குது, நானும் தெரியாம ஆமான்னு சொல்லிட்டு இதுவரைக்கும் மூணு அச்சு மாத்திட்டேன், உங்க வீட்டுல கழட்டறதுக்கு இன்னும் இன்னா மிச்சம் இருக்குது?”