பாப்பாத்திக்குக் காது நன்றாகக் கேட்கிறதாம்

வடகரப்பதி
13.7.1976

மதிப்பிற்குரிய பெரியமுத்து மச்சான் அவர்களுக்கு, சின்னையன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சின்னத்தாயியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் நேற்று நடந்தது முன்னால் வந்து நிற்கிறது, ஆகையால் நலத்தை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள் பாப்பாத்திக்கு நாலு வயதாகியும் காது கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் கோபாலபுரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வருகிறது, இவள் நடுரோட்டில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். டிரைவர் நல்ல மனுஷன், நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் பால்வாடி டீச்சர் புஷ்பமேரி, இப்படிப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்குத் தனி டீச்சர் போடச் சர்க்கார் கிராண்ட் கொடுக்கிறது, ஆபீசர் நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போவார் என்றார்.

நேற்று வந்தார். மலையாளச் சீமையின் தெற்குக் கோடியிலிருந்து மாற்றலாகி வந்தவர், பெரிய மீசை, மலையாளத்தை வாய்க்குள்ளேயே மென்று பேசுகிறார். டீச்சர் பின்கட்டில் உப்புமா கிண்டப் போன நேரம் பார்த்து அவரே பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையாக மலையாளத்தில் பெயர் கேட்கிறார், நம் தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் மீசையையே பார்த்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன, அவர் குனிந்து காதருகே கத்துகிறார், அதுகள் இன்னும் இறுகிப்போகின்றன, அவர் செவிடு, செவிடு என்று எழுதிக்கொண்டே வந்து கடைசியில் நம் பாப்பாத்தியிடம் நின்றார். அவளோ முகத்தைப் பார்த்தே பிழைக்கிறவள். அவர் மூக்கைத் தொட்டால் மூக்கைத் தொட்டாள், கை தட்டினால் தட்டினாள், மீசையைத் தடவினார், இவளும் மேலுதட்டைத் தடவினாள். இந்தப் பால்வாடியில் காது கேட்கிற ஒரே குழந்தை இதுதான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

வாசலில் நின்ற நான் உள்ளே ஓடினேன். "சாருங்க, அவளுக்குத்தானுங்க காது கேக்காது. மத்ததுக்கெல்லாம் நல்லாக் கேக்குமுங்க" என்றேன். கிராண்ட் ஆசையில் பெற்ற மகளையே செவிடாக்குகிற தகப்பன் என்று வைதார். அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. டீச்சர் கரண்டியோடு ஓடி வருவதற்குள் கிளம்பியும் போய்விட்டார். வீட்டில் வந்து சொன்னால் சின்னத்தாயி, "ஏனுங்க, ஆபீசரே சொல்றாருன்னா ஒருவேளை கேக்குதோ என்னமோ?" என்கிறாள்.

ஆகவே மச்சான் உடனே லீவு போட்டு வந்து, என்னோடு பாலக்காட்டு ஆபீசுக்கு வந்து, நம் குழந்தைக்குக் காது கேட்காது என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். இப்படி ஓர் உதவியை எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டான்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் மழையில் நனையாமல் சுகமாக இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சின்னையன்

பின்குறிப்பு: மச்சான், புறப்பட வேண்டாம். கடிதத்தை ஒட்டும் முன்பே ஆபீசர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கப் பால்வாடிக்குத் திரும்பி வந்தார். பால்வாடிப் பிள்ளைகள் போட்ட கூச்சல் அவருக்கு ரோட்டிலேயே கேட்டதாம். அவர் குரலைக் கேட்டதும் எல்லாம் கப்சிப்பென்று திரும்பின. பாப்பாத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் விளையாடினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கிட்டத்தில் போனார். அவர் நிழல் மேலே விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். மனுஷன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கிராண்டுக்கு அவரே எழுதுகிறாராம், தனி டீச்சரும் வருவாராம், உதட்டைப் பார்த்துப் பேசச் சொல்லிக்கொடுப்பாராம். ஆனால் மலையாளத்தில்தானாம். அதனால் இனி தினமும் நானும் அவளோடு பால்வாடியில் உட்காரப் போகிறேன். அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதல்லவா.