கப்பல் அண்ணாச்சி வெட்டிய வழி

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியே போகும் வழியைத் தேடுகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கப்பல் அண்ணாச்சி. துபாயில் சினிமாவுக்குப் போனால் கதவோரம்தான் உட்காருவார். கதாநாயகி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதவு தெரிய வேண்டும். மாதா கோயில் பூசையில் எப்போதும் பக்கவாசலிலேயே நின்றதால், "உமக்கு அப்படி என்னய்யா அவசரம்?" என்று சாமியாரே கேட்டிருக்கிறார்.

தூத்துக்குடிக்காரர். வாலிபத்தில் கொழும்புத் தோணியில் சரக்கு சரிந்து, ஒரு பகல் முழுக்க அடித்தட்டில் மூச்சு முட்டக் கிடந்தவர். அப்படிப்பட்டவரை எழுபதுகளின் நடுவில் எங்கள் கம்பெனி கொண்டுவந்து போட்ட இடம், துபாயின் தேராப் பகுதியில் ஒரு பெயிண்ட் கடைக்குக் கீழே, தரைக்கடியில் இருந்த எங்கள் அறை. ஜன்னல் கிடையாது. மேலே போக ஒரே படிக்கட்டு. அதிலும் பாதியைக் கடைக்காரர் டின்களை அடுக்கி அடைத்திருந்தார்.

"ஏல, இது ரூம் இல்ல. கல்லற" என்றார் அண்ணாச்சி.

அந்த வெள்ளிக்கிழமையே உளியும் சுத்தியலுமாகச் சுவரை உடைக்க ஆரம்பித்தார். கூட்டத்திலேயே பருமனானவன் நான் என்பதால் என் தோளைக் கயிற்றால் அளந்து, அந்த அகலத்துக்குச் சுவரில் கரிக்கோடு போட்டார். "இவன் போயிட்டா ஒட்டகமே போயிரும்" என்றார்.

வெளியே குழி தோண்டிவிட்டுத்தான் உள்ளே உடைக்க வேண்டும் என்பது கடலில் பிழைத்தவருக்குத் தோன்றவில்லை. கல்லை உருவியதும் மணல் சரசரவென்று இறங்கி என் பாய் தலையணை எல்லாவற்றையும் மூடியது. சில நாள் சோற்றோடு மணலும் தின்றோம். பிறகுதான் வெளியே குழி வெட்டிக் கல் அடுக்கினார்.

சூப்பர்வைசர் வந்து பார்த்துக் குதித்தார். "திருடன் வருவான். பந்த் கரோ, உடனே அடை."

"வரட்டும் சார். எங்க கைலியத் தவிர இங்க என்ன இருக்கு? இத அடச்சா நான் ரோட்டுல படுத்துக்கிடுவேன்."

சொன்னபடி படுத்தும்விட்டார். கொளுத்துகிற வெயிலில் கம்பெனி வாசலில் பாயோடு கிடந்தவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டிவந்தார். வழி பிழைத்தது.

அது எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அண்ணாச்சியோ குள்ளம். ஏறுவதற்கு ஒரு பெட்டி வைத்தார். அது கேரம் போர்டுக்குக் காலானது. இன்னொன்று வைத்தார். அதில் சமையல்காரர் வெங்காயம் கொட்டினார். "பெட்டிய நம்பக் கூடாது. எம் முதுகு இருக்கு" என்றார்.

வெள்ளிதோறும் பயிற்சி நடந்தது. அவர் சுவரோரம் குனிந்து நிற்பார். நாங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் முதுகில் ஏறி வெளியே போக வேண்டும். "காலக் கழுவிட்டு ஏறுல, மாடு" என்று என்னைத் தவறாமல் ஏசுவார். எல்லோரும் போனபின் அவர் பனியனைத் தட்டிக்கொண்டு படிக்கட்டு வழியாக மேலே வந்து டீ குடிப்பார். அதில் ஒரு கோளாறு இருப்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது பெயிண்ட் டின்கள் பற்றிக்கொண்டன. படிக்கட்டு முழுக்கத் தீ. கரும்புகை அறைக்குள் இறங்கியது.

"பழகுன மாதிரி வாங்கல. தள்ளாதிய" என்று அண்ணாச்சி குனிந்து நின்றார். ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். நடுவில் நான் சிக்கிக்கொண்டால் பின்னால் நிற்பவர் கதி என்னாவது என்று என்னைக் கடைசியாக வரச் சொல்லிப் பழக்கியிருந்தார். வெளியே விழுந்ததும் கைலியை முறுக்கி உள்ளே விட்டேன். எல்லோரும் கத்தினோம். மறுமுனையை யாரும் பிடிக்கவில்லை. அவர் ஏற அங்கே ஒருவருடைய முதுகும் இல்லை.

அன்று நான் காலைக் கழுவவில்லை. மணலும் அழுக்குமான பாதத்தை அப்படியே அவர் முதுகில் வைத்தேன். அவர் ஏசவில்லை. இருமிக்கொண்டே, "ஏறுல, ராசா" என்றார்.